கேள்வி – பதில்: பலர் சேர்ந்து எழுதும் மென்பொருள்

கூட்டாக மென்பொருள் எழுதுவோரிடமிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒரே இடத்தில் தொகுத்துள்ளோம். தொடங்குவது எப்படி என்றும் உதவி கேட்பது எப்படி என்றும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். இவ்விரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்பது என் உறுதியான கருத்து. உங்களைச் சந்தித்தே இராத ஒருவர், உங்களிடம் எதுவும் கேட்காமல், நீங்கள் எழுதி வைத்ததை மட்டும் படித்து உங்கள் நிரலை இயக்க முடியுமானால், அவரால் உங்களுக்கு உதவவும் முடியும்.

நாங்கள் நால்வர் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறோம். நிரலை ஜிப் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம். எது புதிய பிரதி என்றே தெரிவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவரின் கோப்பு அழித்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
— பொறியியல் மாணவி, திருநெல்வேலி

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு நேர்ந்த இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலை உருவாக்குவோர். அவர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளின் இலவச அனுமதி 2005-இல் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரலில் எழுதத் தொடங்கியதுதான் கிட். கூட்டில் உள்ள ஒவ்வொருவரின் கணினியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும் என்பது அதன் அடிப்படை. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகிவிடுவதால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமல் அழிக்கும் நிலை ஏறக்குறைய இல்லாமலாகிறது.

கிட் வேறு, கிட்ஹப் வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிட் உங்கள் கணினியில் இயங்கும் கருவி. கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் ஆகியவை அந்த வரலாற்றை எல்லோரும் எட்டக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் தளங்கள். கிட்ஹப் 2008-இல் தொடங்கப்பட்டு 2018-இல் மைக்ரோசாஃப்டின் கைக்கு வந்தது. கோட்பெர்க்கை ஜெர்மனியில் உள்ள இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று நடத்துகிறது. நால்வர் செய்யும் வேலைக்கு எதுவும் போதும். கிட்ஹப்பில் வெளியார் பார்க்க முடியாத தனிக் களஞ்சியத்தையும் (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்பு) கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கு 2021 ஆகஸ்ட் முதல், கிட் வழியாக நிரலை ஏற்றும்போது கணக்கின் கடவுச்சொல் ஏற்கப்படுவதில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலான இரகசியக் குறியீடாக டோக்கன் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தொலைக் கணினியுடன் பாதுகாப்பாக இணையும் முறையான எஸ்எஸ்ஹெச்சின் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். புதியவர்கள் பலர் முதல் நாளே நின்றுவிடுவது இந்தப் படியில்தான் என்பதால், நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள்.

நிரலை ஏற்றுவதற்கு முன் மூன்று கோப்புகளை எழுதுங்கள். முதலாவது ரீட்மீ: இந்த மென்பொருள் எதற்காக, எதையெல்லாம் நிறுவ வேண்டும், எந்தக் கட்டளையால் இயங்கும், சரியாக இயங்கினால் திரையில் என்ன தெரியும். இரண்டாவது கிட்இக்னோர்: தற்காலிகக் கோப்புகள், கடவுச்சொல் உள்ள கோப்புகள் போன்ற, வரலாற்றில் சேரக் கூடாதவற்றின் பட்டியல். மூன்றாவது, உங்கள் நிரல் சார்ந்திருக்கும் பிற நிரல்தொகுப்புகளின் பட்டியல். அதில் பதிப்பு எண்களும் இருக்க வேண்டும், ஏனெனில் "என் கணினியில் ஓடுகிறதே" என்ற வாக்குவாதங்களில் பெரும்பாலானவை பதிப்பு வேறுபாட்டால் எழுபவை. எழுதி முடித்ததும் உங்களுள் ஒருவர் புதிய கோப்புறையில் எல்லாவற்றையும் தரவிறக்கி, யாரையும் தொலைபேசியில் அழைக்காமல், ரீட்மீயை மட்டும் பார்த்து இயக்கட்டும். அவர் தடுமாறும் இடம் ஒவ்வொன்றும் ரீட்மீயில் விடுபட்ட வரி.

அன்றாட வேலையில் மெயின் கிளையை, அதாவது எல்லோருக்கும் பொதுவான முதன்மை வடிவத்தை, யாரும் நேரடியாகத் தொட வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு கிளை; முடிந்ததும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பம்); மற்றொருவர் படித்துப் பார்த்த பிறகே இணைப்பு. கிளையை ஓரிரு நாளுக்குள் இணைத்துவிடுவது நல்லது, வாரக்கணக்கில் தனியே வளர்ந்த கிளையை இணைப்பது கடினம். இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், கிட் தானாக முடிவெடுக்காமல், இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே அடையாளமிட்டு நிறுத்திவிடும். அப்போது அவ்விருவரும் பேசித் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஊகித்துத் திருத்தினால் நீங்கள் மீண்டும் ஜிப் காலத்திற்கே திரும்பிவிடுவீர்கள்.

ஒவ்வொரு கமிட்டுடனும் (கிட்டில் மாற்றத்தைப் பதிவு செய்யும் செயல்) எழுதும் குறிப்பில் கவனம் செலுத்துங்கள். "மாற்றம் செய்தேன்" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. "பெயரின் இறுதியில் இடைவெளி இருந்தால் தேடல் தோற்றது, இப்போது இடைவெளியை நீக்கிவிட்டுத் தேடுகிறது" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் காரணம் விளங்கும்.

பெரிய தரவுக் கோப்புகளைக் களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்பதில்லை. தவறான கட்டளையால் ஏதேனும் மறைந்துவிட்டதாகத் தோன்றினால் பதற்றத்தில் களஞ்சியத்தை அழித்துவிட்டு மீண்டும் தொடங்காதீர்கள். ஒருமுறை கமிட் செய்தது, எந்தக் கிளையிலும் இல்லாமல் போனாலும், இயல்பான அமைப்பில் 30 நாட்கள் வரை உங்கள் கணினியில் இருக்கும். ரிஃப்லாக் என்ற கட்டளை அதைக் காட்டும். கமிட் செய்யாததைத்தான் கிட்டால் மீட்டுத் தர இயலாது.

மாணவர்கள் எழுத்துப்பிழை இன்றி எழுதப் பழகுவதற்கான செயலி ஒன்றை எழுதி, நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். வேறொரு பள்ளி ஆசிரியர், "இதை மாற்றிப் பயன்படுத்தலாமா?" என்று கேட்கிறார். பொதுவில் வைத்ததே அனுமதிதானே? உரிமம் என்று தனியாக ஒன்று வேண்டுமா?
— ஆசிரியர், ஈரோடு

வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறது. நீங்கள் எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பிறர் படியெடுக்கவும் மாற்றவும் உங்கள் அனுமதி தேவை. பார்க்க முடிகிறது என்பதால் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. அந்த ஆசிரியர் உங்களிடம் கேட்டது முறையான செயல். ஆனால் கேட்கத் தயங்கிப் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. உரிமக் கோப்பு ஒன்று இருந்திருந்தால் அவர்கள் தயங்கியிருக்க மாட்டார்கள்.

நீங்களாக ஓர் உரிமத்தை எழுத முயல வேண்டாம். நடைமுறையில் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எம்ஐடி, அப்பாச்சி 2.0 ஆகியவை, உங்கள் பெயரையும் உரிம வாசகத்தையும் தக்கவைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும், மூடிய வணிக மென்பொருளிலும்கூட, பயன்படுத்த இடமளிக்கின்றன. 2007-இல் வெளியான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, மாற்றி வெளியிடுபவர் தம் மாற்றங்களின் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிறது. குழந்தைகள் கற்பதற்கான கருவிக்கு நான் ஜிபிஎல்லையே பரிந்துரைப்பேன். ஒரு பள்ளி செய்த திருத்தம் அடுத்த பள்ளிக்கும் போய்ச் சேர்வதற்கு அதில் வழி உண்டு.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். செயலியில் உள்ள எழுத்துரு, படம், ஒலி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமை உண்டு. எஸ்ஐஎல் (SIL) அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியான எழுத்துருக்களை மென்பொருளோடு சேர்த்து வழங்கலாம். இணையத்தில் கண்டெடுத்த படங்களை நீக்கிவிடுங்கள். அடுத்து, பணியின் ஒரு பகுதியாக எழுதிய படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணியளித்தவருக்கே செல்லும். பள்ளி நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் எழுதியது என்றால், வெளியிடும் முன் நிர்வாகத்தின் இசைவை எழுத்தில் பெறுங்கள். பிறரின் நிரல் சேர்ந்துவிட்ட பிறகு உரிமத்தை மாற்ற அவர்கள் அனைவரின் சம்மதமும் தேவைப்படும் என்பதால், இவற்றை இப்போதே முடிப்பது நல்லது.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் உள்ள கோப்பைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டோம். உடனே அழித்து, புதிய கமிட்டும் செய்துவிட்டோம். போதுமா?
— தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

போதாது. இந்தப் பதிலைப் படிக்கும்போதே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. பொதுக் களஞ்சியங்களில் இவ்வாறு கசியும் சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் இயங்குகின்றன. வரலாற்றிலிருந்து கோப்பை முழுமையாக நீக்க ஃபில்டர்-ரிப்போ போன்ற கருவிகள் உண்டு. அது இரண்டாவது வேலை. நீக்குவதற்கு முன்பே யாரேனும் பிரதி எடுத்திருக்கலாம் என்பதால், பழைய கடவுச்சொல்லைச் செல்லாததாக்குவது ஒன்றே உண்மையான பாதுகாப்பு.

ஒரு கட்டற்ற மென்பொருளில் சிக்கல் ஏற்பட்டதால் அதன் களஞ்சியத்தில் கேள்வி கேட்டேன். பதிலே வரவில்லை. மற்றொன்றில் "விவரம் போதாது" என்று மூடிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராததுதான் காரணமா? எப்படிக் கேட்டால் உதவி கிடைக்கும்?
— கணினிப் பயிற்றுநர், திண்டுக்கல்

உங்கள் ஆங்கிலம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மென்பொருள்களை உருவாக்குவோரில் பெரும்பகுதியினருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. சிறிய, எளிய வாக்கியங்களையே அவர்கள் விரும்புகிறார்கள். நீங்கள் இணைத்திருந்த கேள்வியைப் படித்தேன். "நிறுவினேன், வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்ற பொருளில் ஒரே வரியும், கைப்பேசியில் எடுத்த திரையின் படமும் இருந்தன. அதைப் படிப்பவர் உங்கள் நிலையைத் தம் கணினியில் மீண்டும் உருவாக்க முடியாது. உருவாக்க முடியாததைத் திருத்தவும் முடியாது.

நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது: இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும், இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் சேருங்கள். பிழைச் செய்தியை முழுமையாக எழுத்து வடிவில் ஒட்டுங்கள்; இதே சிக்கலை நாளை சந்திக்கப்போகும் இன்னொருவர் படத்திலுள்ள எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் நிரல் ஆயிரம் வரியாக இருந்தால், தொடர்பில்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை மட்டும் எஞ்சும் பத்து வரியாகச் சுருக்குங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது ஆகலாம். ஆனாலும் செய்யுங்கள், சுருக்கும்போதே விடை கிடைத்து, கேள்வியை அனுப்பும் தேவையே இல்லாமல் போவது மிகச் சாதாரணமாக நடப்பது. முன்பே யாரேனும் கேட்டிருக்கிறார்களா என்று, மூடப்பட்ட கேள்விகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஒரு நல்ல அறிக்கை எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு 2024-இல் உலகமே கண்ட சான்று உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். வேறொருவராக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டார். அவர் ஏன் என்று தேடிச் சென்றதில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு மறைக்கப்பட்ட பின்கதவு (அனுமதியின்றி உள்ளே நுழைய உதவும் இரகசிய வழி) ஒன்று இருந்தது தெரியவந்தது. மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில், பின்கதவு சேர்வதற்கு முன்பு உள்நுழைவுக்கு 0.299 வினாடியும், சேர்ந்த பிறகு 0.807 வினாடியும் ஆனதை அளந்து காட்டியிருந்தார். எந்தச் சூழலில் பின்கதவு செயல்படுகிறது என்பதைப் படிப்படியாக எழுதியிருந்தார். தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர் என்றும், பலவற்றைத் தாம் ஆராயவில்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதைப் படித்தவர்கள் உடனே வேலையைத் தொடங்க முடிந்தது அதனால்தான். பொதுவில் வெளியிடுவதற்கு முன் டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவித்ததையும் கவனியுங்கள். பாதுகாப்பு தொடர்பான ஓட்டையை நீங்கள் கண்டால் பொதுக் கேள்வியாக எழுதாமல், ‘செக்யூரிட்டி’ என்ற கோப்பில் தரப்பட்டிருக்கும் தனி முகவரிக்கே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் ஓரிரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். புதிதாகக் கண்டறிந்த விவரம் ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். "அவசரம்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்; வேலை முடிந்து வீடு திரும்பிய பின் ஊதியமின்றி உங்களுக்குப் பதில் எழுதும் ஒருவரிடம் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. தமிழிலேயே கேட்டுத் தெளிவு பெற விரும்பினால், சென்னையில் நெடுங்காலமாக இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுவையும், கணியம் அறக்கட்டளையைச் சூழ்ந்துள்ள தன்னார்வலர்களையும் அணுகலாம்.

பழைய சுவடிகளின் பட்டியலைப் பலர் சேர்ந்து மெய்ப்புப் பார்த்து, கிட் களஞ்சியத்தில் வைக்கிறோம். தமிழில் பெயரிட்ட கோப்புகள் வெறும் எண்களாகத் தெரிகின்றன. "கொ" என்று தொடங்கும் சொற்களைத் தேடினால் சில அகப்படுவதில்லை. ஏன்?
— நூலகர், தஞ்சாவூர்

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நேர்பவை. தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைக் கிட் இயல்பாகவே எண்களாகக் காட்டும். கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. கிட் அமைப்புகளில் ‘கோர்.கோட்பாத்’ (core.quotepath) என்பதன் மதிப்பை ‘ஃபால்ஸ்’ (false) என்று மாற்றுங்கள், பெயர்கள் தமிழில் தெரியும்.

தேடல் சிக்கல் சற்று ஆழமானது. ஒருங்குறியில் "கொ" என்பதை ககரத்தோடு ஒகரக் குறியாக இரண்டே குறியீடுகளில் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளிலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. யார் எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்தார் என்பதைப் பொறுத்து இது மாறும். இதைச் சீராக்கும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். பைத்தான் மொழியிலேயே அதற்கான செயற்கூறு உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் அது தானாக இயங்கும்படி ஒரு ஹூக் அமைத்துவிட்டால், யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

என்எஃப்சியாலும் சரியாகாத ஒன்று உண்டு. "ஔவையார்" என்பதை ஔகாரம் இட்டு எழுதாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு "ஒளவையார்" என்று பலர் தட்டச்சு செய்கிறார்கள். ஒருங்குறியைப் பொறுத்தவரை அது ஒ, ள என்ற இரண்டு தனி எழுத்துகள்தான். "ஒளி", "ஒளவை" ஆகியவற்றைப் பிரித்தறிய மொழி தெரிந்த மனிதர் வேண்டும் என்பதால், இதற்கு மட்டும் தனிப் பட்டியல் தயாரித்து மெய்ப்பாளரிடம் கொடுங்கள்.

கிட் வரிக்கு வரி ஒப்பிடுவது. முழுப் பத்தியும் ஒரே வரியாக இருந்தால், ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறியதாகவே காட்டும். ஒரு சுவடிக்கான பதிவை ஒரு வரியாக வைத்தால் மெய்ப்பாளர்களின் கண்கள் பிழைக்கும்.

தமிழ்த் தட்டச்சுச் செயலி ஒன்றைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். பயன்படுத்துவோர் பெருகிவிட்டார்கள்; கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் போதவில்லை. உதவ முன்வந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமா என்று தோன்றுகிறது.
— மென்பொருள் பொறியாளர், கொழும்பு

சோர்ந்த நிலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். மேலே சொன்ன எக்ஸ்இசட் நிகழ்வின் முற்பகுதி உங்கள் கடிதத்தைப் போலவே இருக்கிறது. அதையும் ஒருவரே பல ஆண்டுகளாகத் தன்னார்வமாகப் பராமரித்துவந்தார். 2022-இல் சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரை நெருக்கினார்கள். அதற்கு முன்பிருந்தே பொறுமையாகத் திருத்தங்களை அனுப்பிவந்த ஒரு புனைபெயர்க் கணக்குக்குச் சிறிது சிறிதாக அதிகாரம் கிடைத்தது. பின்கதவைச் சேர்த்தது அந்தக் கணக்குதான். உங்களிடம் வந்தவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. முதலில் கேள்விகளை வகைப்படுத்தும் பொறுப்பையும், பிறகு புல் ரிக்வெஸ்ட்களைப் படிக்கும் பொறுப்பையும் கொடுங்கள். செயலியை வெளியிடும் அதிகாரத்தை இறுதியில், மூன்றாவதாக ஒருவரும் பார்த்து ஒப்புதல் அளித்தால்தான் வெளியீடு நடக்கும் என்ற ஏற்பாட்டுடன் கொடுங்கள்.

கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் வழி உண்டு. இஷ்யூ (களஞ்சியத்தில் பதியும் பிழை அறிக்கை அல்லது கேள்வி) எழுதுபவருக்கு முன்கூட்டியே ஒரு படிவம் தோன்றும்படி அமையுங்கள்: எந்தக் கைப்பேசி, எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை, எந்தச் சொல்லைத் தட்டும்போது பிழை. இரண்டாம் முறை வரும் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதாமல், விடையை ரீட்மீயில் சேர்த்து அதன் சுட்டியை மட்டும் கொடுங்கள். "வார இறுதியில் மட்டுமே பதில் எழுதுகிறேன்" என்று முகப்பிலேயே அறிவித்துவிடுங்கள். பெரும்பாலானோர் அதை மதிப்பார்கள்.

நிறுத்திவிடவே விரும்பினால் அதுவும் உங்கள் உரிமைதான். களஞ்சியத்தை அழிக்காதீர்கள். இனிப் பராமரிக்கப்படாது என்பதையும், எந்தத் தேதியிலிருந்து என்பதையும், தெரிந்தே எஞ்சியுள்ள பிழைகளையும் ரீட்மீயின் தொடக்கத்தில் எழுதி, காப்பக நிலைக்கு மாற்றுங்கள். அதன்பின் யாரும் அதில் கேள்வி எழுப்பவோ மாற்றம் செய்யவோ முடியாது. படிக்கவும், உரிமம் அனுமதித்தால் தம் பெயரில் பிரதியெடுத்துத் தொடரவும் முடியும்.